காலைப் பற்றிச் சத்தியம் இல்லை

நரம்பில் உப்புத் தண்ணீர் ஏற்றுவதை இன்றைக்கு யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த வருஷங்களில், நான் நர்ஸ் வேலைக்குச் சேர்ந்த புதிதில், அது ஒரு சின்ன யாகம். ஊசியைக் குத்தினோம், பாட்டிலை மாட்டினோம் என்று முடிகிற காரியமில்லை. வாந்திபேதி கண்ட ஆளுக்கு உடம்பில் தண்ணீர் வற்றி, நரம்பெல்லாம் உள்ளே ஒட்டிப்போயிருக்கும். தோலைக் கீறி, நரம்பைத் தேடிப் பிடித்து, கொக்கியால் மேலே தூக்கி, அடியில் பட்டு நூல் கொடுத்து, கத்தரிக்கோல் முனையால் அதில் ஒரு சிறு வெட்டு வெட்டி, வெள்ளிக் குழாயை உள்ளே நுழைத்துக் கட்டி, அப்புறம்தான் தண்ணீரைத் திறந்துவிட வேண்டும். வெட்டுவது டாக்டர். மற்றதெல்லாம் நான்.

மற்றதெல்லாம் என்றால் கொஞ்சமா? சாமான்களைக் கொதிக்க வைக்க வேண்டும். உப்பைக் கரைத்து, பஞ்சில் வடிகட்டி, உடம்புச் சூட்டுக்கு ஆறவைக்க வேண்டும். ரப்பர் குழாயில் காற்றுக் குமிழ் இல்லாமல் பார்க்க வேண்டும். நோயாளி உதறினால் பிடிக்க வேண்டும், அழுதால் அதட்ட வேண்டும், நாடியிலிருந்து விரலை எடுக்கக் கூடாது. இதற்கெல்லாம் மேலே டாக்டரின் வாயைத் தாங்க வேண்டும். வேலையிலேயே கஷ்டமான வேலை அதுதான்.

எங்கள் டாக்டர் குள்ளமான மனிதர், நல்ல மனசு. ஆனால் கை வேலை செய்தால் வாயும் சேர்ந்து வேலை செய்தாக வேண்டும் அவருக்கு. நரம்பு கிடைக்காவிட்டால் நரம்பையே திட்டுவார். "எங்கேடி போய் ஒளிஞ்சுக்கிட்டே? வாடி வெளியே, வாடி" என்பார், தலையை நிமிராமல். சுற்றி நிற்கிற சொந்தக்காரர்கள் என்னைப் பார்ப்பார்கள். இந்தப் பெண் பாவம், இத்தனை பேர் முன்னால் இப்படிப் பேச்சு வாங்குகிறதே என்று அவர்கள் முகத்தில் எழுதியிருக்கும். ஒரு தடவை ஒரு கிழவர், பொம்பளைப் பிள்ளையை அப்படியெல்லாம் பேசக் கூடாதுங்க என்று டாக்டருக்கே புத்தி சொன்னார். டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. நானும் விளக்கவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

என் வெள்ளைப் புடவை வேறு. கடத்தூர்ச் சந்தையில் ஆகட்டும், மலையடிவாரத்துக் கிராமத்தில் ஆகட்டும், இருபத்து மூன்று வயசுப் பெண் வெள்ளைப் புடவையில் வந்து இறங்கினால் பெண்கள் கையைப் பிடித்துக்கொண்டு, எப்பம்மா தவறினாரு என்று கேட்பார்கள். ஆரம்பத்தில் இது ஆஸ்பத்திரி உடுப்பு என்று விளக்கிக்கொண்டிருந்தேன். பிறகு அலுத்துப்போய், அவரு இன்னும் வரவேயில்லீங்க என்று சொல்ல ஆரம்பித்தேன். அதற்கும் "த்சு த்சு" என்றுதான் சொன்னார்கள்.

அரூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் கக்கல் கழிச்சல் வந்துவிட்டது, ஒரு ஆள் ஆபத்தில் இருக்கிறார் என்று ஆள் வந்தது ஒரு காலை நேரத்தில். பெட்ரோல் கிடைக்காத காலம், நாங்கள் ஏறியது கரிப்புகையில் ஓடும் பஸ். மேடு வந்தால் நாங்கள் அதைச் சுமக்காத குறை. டாக்டரும் இறங்கித் தள்ளினார். பஸ் நின்ற இடத்திலிருந்து மாட்டு வண்டி. தயாராகக் காய்ச்சி வடித்த உப்புத் தண்ணீர் ஒரு பெரிய கண்ணாடி ஜாடியில் இருந்தது. கம்பளியில் சுற்றி வண்டியின் நடுவில் வைத்திருந்தேன். தண்ணீர் ஏற்றும் குடுவையும் வெள்ளிக் குழாயும் என் மடியில். ஊர் எல்லைக்கு வந்தபோது வண்டிச் சக்கரம் ஒரு கல்லில் ஏறி இறங்கியது. மடியில் இருந்தது பிழைத்தது, கம்பளியில் இருந்தது போயிற்று. கல்லை நான்தான் முந்தின நாள் வந்து போட்டுவிட்டுப் போனேன் என்பது போல டாக்டர் என்னைப் பார்த்தார்.

அளவாக எடை போட்டுக் கட்டிய உப்புப் பொட்டலங்கள் கைப்பெட்டியில் இருந்தன. தண்ணீர் கிடைத்தால் அங்கேயே காய்ச்சிக்கொள்ளலாம். நல்ல தண்ணீர்தான் வேண்டும்.

நோயாளியின் வீடு ஒரு விசித்திரம். அப்பன் கட்டிய ஒரே ஓட்டு வீட்டை அண்ணனும் தம்பியும் நடுவில் சுவர் வைத்துப் பிரித்திருந்தார்கள். கோபத்தில் எழுப்பிய சுவர், நூல் பிடித்துப் பார்க்க யாருக்கும் பொறுமை இருந்திருக்காது. பின்பக்கத்து ஜன்னலின் நடுவில் போய் முட்டி நின்றது. ஜன்னலில் இரண்டு கம்பி அண்ணனுக்கு, இரண்டு கம்பி தம்பிக்கு. கிணறு அண்ணன் பக்கம் போய்விட்டது. படுத்திருந்தவர் தம்பி. நாற்பது வயசிருக்கும். கண் உள்ளே போய், கன்னம் ஒட்டி, விரல் நுனியெல்லாம் ஊறவைத்த துணி மாதிரி சுருங்கிக் கிடந்தார். நாடியைத் தேடினேன், கிடைக்கவில்லை. ஆனால் புத்தி மட்டும் பளிச்சென்று இருந்தது. இந்த நோயின் கொடுமையே அதுதான், சாகிறவரை எல்லாம் தெரியும்.

தண்ணீர் எங்கே எடுக்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டார். ஓடையில் என்றாள் நோயாளியின் மனைவி. சுவருக்கு அந்தப் பக்கம் கிணற்றில் ராட்டினம் சத்தம் கேட்கிறதே, அங்கே எடுக்கக் கூடாதா என்றேன் நான். அவள் தலையில் கையை வைத்துக்கொண்டு கதையைச் சொன்னாள்.

அண்ணன் மகளுக்குக் காது குத்து. தம்பி விடியற்காலையிலிருந்து வாழை இலை அறுத்தது என்ன, தண்ணீர் இறைத்தது என்ன, வீட்டு ஆளாக ஓடி ஓடி வேலை செய்திருக்கிறார். அண்ணனின் மச்சான்மார்கள் முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டார்கள். வேலை செய்தவர் அடுத்த பந்தியில் உட்கார்ந்தார். வடை தீர்ந்துபோய்விட்டது. அவ்வளவுதான். பாதிச் சோற்றில் எழுந்து, இலையை எதிர்ப்பக்கமாக மடித்துத் தள்ளி, இத்தனை சனம் பார்க்க, இனிமே இந்த வூட்டுத் தண்ணியில கை நனைக்க மாட்டன் என்று குலதெய்வத்தின் மேல் சத்தியம் செய்துவிட்டார். ஒருவர் வீட்டில் கை நனைப்பது என்றால் சாப்பிடுவது என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனால் இவர் மானஸ்தர், சாப்பாட்டோடு நிறுத்தவில்லை. மறுநாளிலிருந்து அந்தக் கிணற்றுத் தண்ணீரும் வேண்டாம் என்றார், ஆறு வருஷமாக மனைவி ஓடைக்கு நடந்தாள். இந்த வருஷம் ஓடைக்கு மேலே இருக்கிற ஊரில் கக்கல் கழிச்சல் வந்தது. அது ஓடையோடு இறங்கி வந்தது. ஒரு வடைக்காக ஒரு மனுஷன் சாகக் கிடக்கிறார் என்று நினைத்தபோது எனக்கு அழுவதா, அந்த அண்ணன் வீட்டுச் சமையல்காரனை உதைப்பதா என்று தெரியவில்லை.

டாக்டர் அண்ணன் வீட்டுக்கு ஆள் அனுப்பினார். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரே ஓட்டம். புதுப்பானை வந்தது, கொதிக்கிற தண்ணீர் வந்தது, கேட்காத விறகும் வந்தது. நான் உப்பைக் கரைத்தேன், வடித்தேன், புறங்கையில் ஊற்றிச் சூடு பார்த்தேன். டாக்டர் நோயாளியின் முழங்கைக்கு மேலே ரப்பரைக் கட்டினார். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சை நான் எடுத்தேன்.

"தண்ணி எந்த வூட்டுதுங்க?" என்றார் நோயாளி. குரல் பானைக்குள்ளிருந்து வருவது போல இருந்தது.

டாக்டர் பொய் சொல்லத் தெரியாதவர். பக்கத்து வீட்டுக் கிணறுதான், நன்றாகக் கொதிக்க வைத்தாயிற்று, பயமில்லை என்றார். அந்த மனுஷன் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். நாடி இல்லாத கைக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ.

டாக்டர் பொறுமையாகத்தான் ஆரம்பித்தார். இது வாய் வழியாகப் போகவில்லை, நரம்பு வழியாகப் போகிறது, ஆகையால் இது சாப்பாடு கிடையாது, இதில் சத்தியம் எங்கே கெட்டது என்றார். எனக்கே அது நியாயமாகப் பட்டது. நோயாளி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"கையிலதானுங்களே ஊத்தறீங்க? கை நனைஞ்சிருமுங்களே."

மெடிக்கல் ஸ்கூலில் இதற்குப் பாடம் கிடையாது. சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணன் காதை வைத்துக்கொண்டு நின்றிருக்க வேண்டும். கொதிச்ச தண்ணிக்கு எந்த வூட்டுதுன்னு பேரு எழுதியிருக்குதா என்று உரக்கக் கேட்டார். யாரிடம்? தன் எருமையிடம். அந்தப் பக்கத்தாளு பேச்சு இங்க வேண்டாம்னு சொல்லுங்க என்று இவர் என்னிடம் சொன்னார். மனைவி காலில் விழுந்து கதறினாள், அசையவில்லை. நாக்கு வறண்டு அண்ணத்தில் ஒட்டுகிறது, அதை வைத்துக்கொண்டு வீறாப்பு.

எனக்கு வந்தது பாருங்கள் கோபம். பஞ்சைத் தட்டில் போட்டேன்.

"ஏங்க, சத்தியம் பண்ணுனது கைக்கா, காலுக்கா?"

அவர் கண்ணைத் திறந்தார். "கைக்குத்தானுங்க."

"காலைப் பத்தி ஏதாச்சும் சொன்னீங்களா?"

மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். நேரம் போயிற்று. ஆள் போய்விட்டார் என்றே நினைத்து மூக்கில் கை வைத்துப் பார்த்தேன். மூச்சு இருந்தது. யோசித்துக்கொண்டிருந்தார். காது குத்துப் பந்தலுக்குத் திரும்பிப் போய், தான் சொன்னதை ஒவ்வொரு வார்த்தையாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவிக்கு எங்கிருந்தோ புத்தி வந்தது. காலுன்னு சொல்லவேயில்லீங்க, நான் பக்கத்துலதான் பரிமாறிக்கிட்டு இருந்தன், சாமி சத்தியமாச் சொல்லல என்றாள். அவர் தலையிலிருந்து கால்வரை ஒவ்வொரு உறுப்பாகப் பேர் சொல்லிச் சத்தியம் செய்திருந்தாலும் அவள் அப்படித்தான் சொல்லியிருப்பாள்.

"காலைப் பத்தி ஒண்ணும் சொல்லலீங்க" என்றார் அவர் கடைசியில்.

"அப்ப காலை நீட்டுங்க."

இங்கே வைத்தியம் நடக்கிறதா பஞ்சாயத்து நடக்கிறதா என்று டாக்டர் பல்லைக் கடித்தார். ஆனால் மனுஷர் நேரத்தை வீணாக்கவில்லை. ரப்பரைக் கழற்றிக் கெண்டைக்காலில் கட்டினார். உள்பக்கத்துக் கணுக்கால் எலும்புக்கு முன்னால் ஒரு நரம்பு உண்டு, எவ்வளவு வற்றினாலும் இடம் மாறாது. நான் டிங்சரைத் தடவி, பாதத்தை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தேன். டாக்டர் கீறினார். "வாடி, வாடி ராசாத்தி, இன்னிக்காவது என் மானத்தைக் காப்பாத்து" என்று ஆரம்பித்தார். நோயாளியின் மனைவி அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். நான் நூலைக் கொடுத்தேன், கத்தரிக்கோலைக் கொடுத்தேன், குழாயில் தண்ணீரை ஓடவிட்டுக் குமிழ் போகும்வரை தட்டினேன். வெள்ளிக் குழாய் உள்ளே போயிற்று.

அடுத்த தொல்லை, குடுவையை யார் தூக்கிப் பிடிப்பது. மாட்ட ஒரு ஆணி இல்லை, இருந்த ஆணியும் சுவருக்கு அண்ணன் பக்கத்தில். டாக்டர் கை கணுக்காலில், என் கை நாடியில். மனைவியின் மடியில் அவர் தலை. ஊர்க்காரர்கள் நோய்க்குப் பயந்து தெருக்கோடியில் நின்றார்கள். பெரியவரே இங்கே வாங்க என்று சுவரைப் பார்த்துக் கத்தினேன்.

அண்ணன் வந்தார். வாசலில் நின்றார். உள்ளே வரலாமா என்று கேட்கச் சொன்னார், என்னிடம். உசுரு போறப்ப என்ன மரியாதை வேண்டிக்கிடக்குன்னு சொல்லுங்க என்றார் தம்பி, அதுவும் என்னிடம். இரண்டு பேருக்கும் நடுவில் ஐந்து அடிகூட இல்லை. நான் என்ன தந்தி ஆபீஸா என்று சத்தம் போட்டு, குடுவையை அண்ணன் கையில் கொடுத்து, தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்கச் சொன்னேன். தண்ணீர் தீர்வதற்கு முன் சொல்லுங்கள், காற்று உள்ளே போனால் ஆள் காலி என்று எச்சரித்தேன். சொல்லியிருக்கக் கூடாது. அவர் முகம் வெளுத்துவிட்டது.

"காத்துப் போச்சுன்னா நான் கொன்னுட்டதா ஆயிருமுங்களே, ஊர்ல என்ன சொல்லுவாங்க" என்றார்.

அதற்கப்புறம் அவர் கண்ணை இமைக்கவில்லை. தண்ணீர் மட்டத்தைப் பார்த்தபடியே நட்ட கம்பம் மாதிரி நின்றார். வேர்வை காதில் இறங்கியது. குடுவை வற்றும்போதெல்லாம் நான் எழுந்து வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றிவிட்டு, மறுபடி நாடியில் விரலை வைத்தேன். அப்போது அவர் வேட்டி தளர ஆரம்பித்தது. அவருக்கும் தெரிந்தது. இரண்டு கையும் மேலே. என்னைப் பார்த்தார், குடுவையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வேறு வழி? ஒரு கையால் தம்பியின் நாடியையும், இன்னொரு கையால் அண்ணனின் வேட்டியையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். நர்ஸ் படிப்பில் என்னவெல்லாமோ சொல்லிக் கொடுத்தார்கள்.

அப்படிப் பிடித்திருந்தபோதுதான் என் விரலடியில் ஏதோ அசைந்தது. முதலில் என் சொந்த நாடியோ என்று நினைத்தேன். இல்லை. மெல்லிய நூல் துடிப்பது போல வந்தது, போனது, மறுபடி வந்தது. டாக்டரிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. பேசாமல் இருந்தால் சந்தோஷமாக இருக்கிறார் என்று அர்த்தம்.

ஆனால் வெளியே வந்து கை கழுவும்போது சொன்னார்: நாடி வந்ததை வைத்து ஏமாந்துவிடாதே. நேற்றிலிருந்து ஆள் சிறுநீர் கழிக்கவில்லை. அது இறங்கினால் பிழைப்பார், இறங்காவிட்டால் நாம் செய்ததெல்லாம் தண்ணீரில் கரைத்த உப்புதான். அடுத்த ஊரில் இன்னும் இரண்டு பேர் கிடந்தார்கள். ஒரு மண்சட்டியை எடுத்து வைத்துக்கொண்டு இங்கேயே இரு என்று என்னை விட்டுவிட்டு வண்டி ஏறினார்.

அந்த ராத்திரி எப்படியோ போயிற்று. விடிந்தது, சட்டி காலியாகவே இருந்தது. வாந்தி நின்றுவிட்டது, பேதி நின்றுவிட்டது, அண்ணன் கிணற்றுத் தண்ணீரில் காய்ச்சிய கஞ்சியை மனைவி கரண்டியால் ஊட்டினால் குடித்தார். கையைத்தான் நனைக்கவில்லையே. ஆனால் ஒண்ணுக்கு மட்டும் வரவில்லை. விஷயம் ஊரெல்லாம் பரவிவிட்டது. தெருவில் போகிறவர் வருகிறவர் எல்லாம் வாசலில் நின்று, வந்துச்சுங்களா நர்சம்மா என்றார்கள். அரூருக்கு நெல் ஏற்றிப்போன வண்டிக்காரன்கூட மாட்டை நிறுத்திக் கேட்டான். நோயாளிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. வெயில் ஏற ஏற நான் அந்தச் சட்டியை எட்டி எட்டிப் பார்த்தேன். அவர் மறுபடி சோர்ந்துபோய், கேட்டதற்குப் பதில் சொல்லாமல் படுக்க ஆரம்பித்தார்.

தண்ணீர் விழும் சத்தம் கேட்டால் ஒண்ணுக்கு வரும் என்று யாரோ ஒரு பெண் தெருவில் சொன்னாள். அவ்வளவுதான். சுவருக்கு அந்தப் பக்கம் ராட்டினம் கிறீச்சிட்டது. அண்ணன் ஒரு குடம் சேந்தினார், சுவரோரம் இருந்த கல்லில் சொளசொளவென்று ஊற்றினார். மறுபடி சேந்தினார், மறுபடி ஊற்றினார். வயசு ஐம்பதுக்கு மேல். முந்தின நாள் கை தூக்கி நின்ற தோள். நிறுத்தவேயில்லை. தண்ணீர் சுவருக்கு அடியில் கசிந்து இந்தப் பக்கம் வந்துவிட்டது.

"அந்தப் பக்கத்தாளுக்குப் பைத்தியமான்னு கேளுங்க, கெணறு வத்திரும்" என்றார் தம்பி.

நான் கேட்கவில்லை. சட்டியை அவர் பக்கமாக நகர்த்தி வைத்தேன்.

உச்சி வெயில் தாழ்ந்த நேரத்தில் அவர் முகம் கோணியது. மனைவியும் நானும் இரண்டு பக்கமும் தாங்கி உட்கார வைத்தோம். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அந்தப் பக்கம் ஒரு குடம் கொட்டியது. இந்தப் பக்கம் சட்டியில் சொட்டென்று விழுந்தது. பிறகு இன்னும் கொஞ்சம். கறுத்த காப்பி நிறத்தில் அரை டம்ளர் இருக்கும். என் வாழ்நாளில் நான் அவ்வளவு ஆசையாகப் பார்த்த பொருள் வேறொன்று இல்லை.

"வந்துருச்சுங்க பெரியவரே" என்று சுவரைப் பார்த்துச் சொன்னேன்.

அந்தப் பக்கம் சத்தம் நின்றது. குடம் கயிற்றோடு கிணற்றில் விழுந்தது கேட்டது. பிறகு தெருவில் ஓடுகிற காலடி.

"என் தம்பி ஒண்ணுக்குப் போயிட்டான். என் தம்பி ஒண்ணுக்குப் போயிட்டான்."

கேட்டவரிடம் சொன்னார், கேட்காதவரிடமும் சொன்னார். ஆடு ஓட்டி வந்தவளிடம் சொன்னார், அவள் தாண்டிப் போன பிறகு ஆடுகளிடம் சொன்னார். ஈர வேட்டி காலில் சுற்றிக்கொள்ள, அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் ஓடினார். தெருவே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை, தேம்பித் தேம்பி அழுதார்.

உள்ளே படுத்திருந்தவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். போர்வையைச் சரிசெய்யக் குனிந்தேன். கண்ணில் தண்ணீர் வழிந்து காதுக்குப் போய்க்கொண்டிருந்தது. முந்தின நாள் அவர் மனைவி அந்தக் கதறு கதறியபோது அந்தக் கண்ணில் ஊறுவதற்கு ஒரு சொட்டு இல்லை.

"அண்ணன வெய்யில்ல ஓட வேண்டாம்னு சொல்லுங்க நர்சம்மா" என்றார்.

நீங்களே சொல்லுங்க என்று சொல்லிவிட்டு, சட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.